எட்டு நாள் நிரம்பிய கிணறு

திருத்தணிக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் சடகோபனுக்கும் அவர் தம்பி ஜம்புலிங்கத்துக்கும் ஒரே கிணறு. அண்ணன் நான்கு நாள் இறைத்தால் தம்பி நான்கு நாள். அந்தத் தண்ணீரில் கழனியில் நெல்லும் மிளகாயும். தண்ணீர் ஏறாத மேட்டுக் கொல்லையில் மழையை நம்பி வேர்க்கடலை. முறைக்காக இருவரும் ஒருநாளும் வாய்ச்சண்டை போட்டதில்லை. பங்காளிகளின் கிணற்றில் இது நடக்கிற காரியமா, நீங்களே சொல்லுங்கள்.

1944-ல் சடகோபனுக்கு ஓர் ஆசை பிடித்தது. அரக்கோணத்து நெல் வியாபாரி ஜமீல் அகமது ரைஸ் மில் வைக்க இடம் தேடுகிறார் என்று சந்தையில் காதில் விழுந்தது. மில் வந்தால் மேட்டுக் கொல்லை நல்ல விலைக்குப் போகும், தம்பிக்கு மாதச் சம்பளம் கிடைக்கும், வானத்தை அண்ணாந்து பார்க்கிற பிழைப்பு தீரும். தம்பியையும் சேர்த்துத்தான் அவர் ஆசைப்பட்டார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஜமீல் அகமது வந்து சுற்றிப் பார்த்தார். நெல் விளையும் ஊர்கள் பக்கத்தில் இருந்தன. ரோடு இருந்தது, ஸ்டேஷன் கிட்டத்தில் இருந்தது, கூலிக்கு ஆள் பஞ்சமில்லை.

"எல்லாம் சரிதான். ஆனா புழுங்கலுக்கு நெல்லு ஊறப்போட தண்ணி நெறைய வேணுமே. மணவூர் பக்கம் ஏரி இருக்குது. இங்க எப்படி? பங்குனி கடைசில வந்து கிணத்த பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்று கிளம்பிவிட்டார்.

பங்குனியில் அரைநாள் மாடு பூட்டிக் கவலை இறைத்தாலே அந்தக் கிணற்றில் பாறை தெரியும். சடகோபனுக்குத் தெரியாதா? ஜமீல் அகமது வருவதற்கு எட்டு நாள் முன்னால், ஆள் இல்லாத நேரம் பார்த்து, தண்ணீர் இறைக்கும் தோல்பையைக் கத்தியால் கீறினார்.

"தோலு கிழிஞ்சி போச்சிடா. தைக்கக் குடுத்துகீறேன், வர ஒரு வாரமாவும்" என்றார் தம்பியிடம்.

ஜம்புலிங்கம் வாடிக்கொண்டிருந்த தன் மிளகாய்ச் செடிகளைத் திரும்பிப் பார்த்தான். "சரிண்ணா" என்றான்.

எட்டு நாள் யாரும் தொடாத கிணறு நெஞ்சளவுக்கு மேல் ஏறி நின்றது. ஜமீல் அகமது குனிந்து பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"ஆங், பாய். சித்திரையிலகூட இப்படித்தாங்க" என்றார் சடகோபன்.

விவசாயி தன் கிணற்றைப் பற்றிப் பொய் சொல்வான் என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. மேட்டுக் கொல்லையை வாங்கினார், பக்கத்திலேயே ஆழமாகத் தனிக் கிணறு வெட்டி ஆயில் எஞ்சின் வைத்தார். இரண்டு வருஷம் மழை காப்பாற்றியது. ஜம்புலிங்கத்துக்கு மில்லில் வேலையும் கிடைத்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் தொடர்ந்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. எஞ்சின் ஊற்றையெல்லாம் உறிஞ்சியதில் முதலில் பழைய கிணறு வற்றியது. நெல் கருகியது, மிளகாய் கருகியது. பிறகு மில் கிணறும் வற்றியது. ஜமீல் அகமது யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் மெஷினைக் கழற்றி மணவூர் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார். பயிரும் போய் வேலையும் போன ஜம்புலிங்கம் மாட்டை விற்றான். மனைவி அம்சாவோடு அரக்கோணத்துக்குப் போய் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளும் வேலையில் சேர்ந்தான். அவன் மூட்டையைக் கட்டிய அன்றாவது சடகோபன் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

1949 ஐப்பசியில் நல்ல மழை. கிணற்றில் தண்ணீர் ஊறியதும் சடகோபன் அரக்கோணத்துக்கு ரயில் ஏறினார். தம்பி ஒண்டியிருந்த ஒற்றை அறை வீட்டில் அம்சா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்க மாமா. இங்க கொழாயில தண்ணி வந்துகினே இருக்கும்."

அவர் சொம்பைத் தொடாமல் தம்பி பக்கம் திரும்பினார்.

"கெணத்துல தண்ணி வந்துடிச்சிடா. ஊருக்கு வந்துடு" என்றார் தம்பியிடம். பிறகு, "அந்தத் தோலு தானா கிழியலடா. நான்தான்..." என்று இழுத்தார்.

"தெரியும்ணா. தையல் போட்டு வந்தப்பவே பாத்தேன். தானா கிழிஞ்சிருந்தா ஓரம் நைஞ்சிருக்கும். அது கத்தி பட்டது."

"அப்பவே ஏண்டா கேக்கல?"

ஜம்புலிங்கம் கரி ஏறிய கைகளை வேட்டியில் துடைத்தான்.

"கேட்டா நீ இல்லன்னு சொல்லுவ. இன்னொரு தடவ நீ எங்கிட்ட பொய் சொல்றத என்னால கேக்க முடியாதுண்ணா. அதான் கேக்கல."

சடகோபன் வாய்விட்டு அழுதார். தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் முதுகில் கை வைத்தான். ஊருக்கு வருவதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.