மஞ்சளாக்கிய சிவப்பு

துறைமுக வீதியில் லொறி பின்னுக்கு எடுக்கும்போது எழும் அந்தக் கீச்சொலி கேட்டால், இன்றும் என் கை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறது. எங்கள் மீன்பிடிக் கந்தோரின் கணினிச் சேமிப்புப் பெட்டியும் அதே சுருதியில்தான் கத்தும்.

மாவட்டத்துப் படகுப் பதிவுகளையெல்லாம் ஸ்கேன் பண்ணி அதில் போட்டிருந்தோம். தாள்களைக் கறையான் அரிக்கிறதென்று எரித்தும்விட்டோம். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். அதைக் கண்காணிக்கும் மென்பொருள் தன் மனக்குறையை நிறத்தில் சொல்லும்: நீலம் தகவல், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. கந்தோரிலோ நீலமென்றால் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, மஞ்சளென்றால் நாளைக்கு, சிவப்பென்றால் கொழும்புத் தலைமையகத்துக்கு மூன்று மொழியில் விளக்கக் கடிதம். டிஸ்க் சாவதைவிட அந்தக் கடிதத்துக்குத்தான் எல்லாரும் பயந்தோம்.

ஒரு காலை சிவப்பு கத்தியது. ஒரு டிஸ்க் போய்விட்டது. மேலதிகாரி கதிரையை விட்டு எழும்பவில்லை.

“மற்றது ஓடுதுதானே?”

“ஓம் சேர். அதுவும் போச்செண்டா...”

“போகேல்லத்தானே! பிறகேன் காணும் சிவப்பு? டிஸ்க் போனா மஞ்சள் காட்டுற மாதிரி மாத்திவிடும்.”

கணினிப் பொறுப்பு என்னுடையது. மாற்றினேன். சத்தம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே விரிகுடா, தானும் வெறும் தகவல்தான் என்பதுபோல, நீலமாகக் கிடந்தது. கடிதத்திலிருந்து தப்பிய சந்தோஷத்தில் எல்லாருக்கும் தேநீரோடு ரோல்ஸ் வந்தது. அதன்பின் தினமும் மஞ்சள். தினமும் பதிவேட்டில் ‘கவனிக்கப்பட்டது’ என்று எழுதினேன். கவனித்தேன், உண்மைதான். அழகான மஞ்சள்.

மாரி மழையில் குச்சவெளியிலிருந்து ஒரு மீனவர் வந்தார். வெள்ளம் வீட்டுக்குள் ஏறிப் படகின் பதிவுத் தாள் கூழாகிவிட்டது. நகல் இல்லாமல் கடலுக்கு விடமாட்டார்கள். தேடினேன், ஒன்றும் திறக்கவில்லை. இரண்டாவது டிஸ்க்கும் போயிருந்தது. சத்தமில்லாமல், மஞ்சளாக.

“என்ன தம்பி, வருதில்லையோ?”

“பெட்டி பழுதாப்போச்சு, அண்ணை.”

“பழுதாக முந்தி ஒண்டும் சொல்லேல்லையோ அது?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “சொன்னது. சிவப்பாய்ச் சொன்னது. சிவப்பெண்டா கொழும்புக்குக் கடிதம் எழுதோணும். அதாலை மஞ்சளாக்கிப்போட்டம்.”

அவர் சிரித்தார். “நல்ல காலம், புயல் எச்சரிக்கை உங்கட கந்தோரால வாறேல்ல.”

புதிதாகப் பதிய வேண்டும், படகைப் பார்க்க ஆள் வரவேண்டும், ஒரு மாதமாவது ஆகும் என்றேன். அவருடைய சிரிப்பு நின்றது. ஒரு மாதம் படகு மணலில் கிடந்தால் வீட்டில் உலை எப்படி வைப்பது என்று அவர் கேட்கவில்லை. நனைந்த தொப்பியைப் பிழிந்துகொண்டு திரையைப் பார்த்தார்.

“என்ர அலுவல் இதில என்ன நிறம், தம்பி?”

“சிவப்பு, அண்ணை.”

“அப்ப கொழும்புக்கு எழுதுங்கோ. நான் போயிட்டு வாறன்.”