மூன்றாவது வரை படித்த வாத்தியார்

என் இரண்டு பெண்களுக்கும் ஏறக்குறைய இரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தவன் நான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. அன்றைக்கென்று பார்த்து எங்கள் மாடு கன்று போட்டது. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன் என்று சொன்னால் என் மனைவிக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சிரிக்கட்டும். சிரிக்கிற உரிமை இந்த வீட்டில் அவளுக்குத்தான் அதிகம்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆட்சி மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மதகுச் சுவர் முதல் பஸ் நிறுத்தம் வரை கறுப்பு சிவப்பில் எழுதித் தள்ளியிருந்தார்கள். வயலில் மட்டும் இன்னும் பழைய ஆட்சிதான் நடக்கிறது என்று நாங்கள் கேலி பேசுவோம். அந்த வருஷம் குறுவை அறுப்புக் கூலி பற்றிப் பண்ணைக்கும் எங்கள் தெருவுக்கும் தகராறு முற்றியது. பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. நாங்கள் வரப்பில் மறித்து நின்றோம். அந்தக் கூட்டத்தில் என் வலது முழங்காலில் ஓர் அடி விழுந்தது. அடித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் ஆள் ஓங்கிய கம்பாகக்கூட இருக்கலாம், அப்படி ஒரு நெரிசல்.

மறுநாள் போலீஸ் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியது. ஊரில் அவ்வளவு பேர் தங்கக்கூடிய பொதுக்கட்டடம் அது ஒன்றுதான். வாத்தியார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பண்ணை வீட்டு வண்டிக் கொட்டகைக்குப் போய்விட்டார். எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் போகவில்லை. என் மூத்தவளுக்கு அப்போது எட்டு வயது. தாமதமாகச் சேர்த்ததால் இரண்டாம் வகுப்பில்தான் இருந்தாள். சின்னவளுக்கு நாலு. நான் காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் படுத்திருந்தேன்.

"அந்த வீட்டு வாசல்ல எம்புள்ள போயி உக்காராது" என்றேன்.

"புள்ளைக்குச் சண்டை என்னங்க தெரியும்? நாலு எழுத்து படிக்கட்டுமே" என்றாள் மனைவி.

"நானே சொல்லித் தரேன்."

அவள் என்னைத் தலையிலிருந்து கட்டுப் போட்ட கால்வரை ஒருமுறை பார்த்தாள். "நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"மூணாவது."

"அப்ப ஒண்ணு பேசிக்குவோம். பள்ளிக்கூடம் திரும்பத் தொறக்கறப்ப இப்ப அவகூடப் படிக்கற புள்ளைங்களோட அவளைச் சேத்துக்கிட்டா சரி. பழையபடி ரெண்டாவதுலயே உக்கார வச்சாங்கன்னா, அவ என்னோட நடவுக்கு வந்துடணும். அவ வயசுல நான் வயல்ல எறங்கிட்டேன். நான் ஒருத்தி எத்தனை வாய்க்குச் சம்பாரிக்கறது?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். அப்போது நான் நினைத்தது ஓர் இரண்டு மாதம். போலீஸ் எட்டு மாதம் இருந்தது. அது போனபிறகு கூரை ஒரு பக்கம் இறங்கிப்போய், அதைச் சரிசெய்ய இன்னும் ஒரு வருஷம் ஆனது.

காலையில் மனைவி வேலைக்குப் புறப்பட்டதும் எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கும். உலையில் அரிசி கொதிக்கும். நான் சுவரில் சாய்ந்து வைக்கோல் பிரி திரிப்பேன். மூத்தவள் எதிரே உட்கார்ந்து வாசிப்பாள். சின்னவள் வாத்துக் குஞ்சின் பின்னால் ஓடிப்போய்விடுவாள். அவளைப் பிடித்துவர எனக்குக் கால் கிடையாது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றும். கடைசியில் வகுப்பே எழுந்து வாய்க்கால் கரைக்குப் போய் அவளைச் சுற்றி உட்காரும். பாதி எழுத்துகளை அவள் ஈர மண்ணில்தான் கற்றாள்.

இருந்தது ஒரே ஒரு சிலேட்டு. அதற்கு இருவரும் முட்டிக்கொள்வார்கள். எனக்கு முன்கோபம் அதிகம். ஒருநாள் பிடுங்கி வீசினேன், அது அம்மியில் பட்டு இரண்டாகப் போனது. மூத்தவள் அழவில்லை. இரண்டு துண்டையும் எடுத்துவந்து, பெரியதைத் தான் வைத்துக்கொண்டு சின்னதைத் தங்கையிடம் கொடுத்தாள். அதற்குப்பிறகு சிலேட்டுச் சண்டையே வரவில்லை. எனக்கு மட்டும் அன்று சோறு இறங்கவில்லை. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. கோவை இலை பறித்துவந்து இரண்டு துண்டையும் துடைத்து வைத்தேன், அவ்வளவுதான்.

வாசிக்கப் புத்தகம் கிடையாது. நன்னிலத்தில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் என் மனைவி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் பொட்டலம் மடிக்க வைத்திருந்த பழைய பேப்பர் ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தார். "படிச்சிட்டுக் கசக்காம திருப்பிக் குடுங்கம்மா. எனக்குப் பொட்டலம் மடிக்கணும். அடுத்த வாரம் வேற தரேன்" என்றாராம். வாரம் தவறாமல் பேப்பர் போனது, வந்தது. மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், எந்த மந்திரி எங்கே பேசினார், எங்கே மாடு காணாமல் போனது, எல்லாம் என் மகளுக்கு அத்துப்படி. அந்த மனிதரை நான் நேரில் பார்த்ததே நாலைந்து தடவைதான். ஆனால் என் பெண்கள் வாசிக்கக் கற்றது அவர் கடைக் காகிதத்தில். அவரை நினைக்கும்போதெல்லாம் மனது நிறைகிறது.

அந்த நாட்களில்தான் குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்து, எங்கள் தெருவுக்குப் பட்டா கொடுத்தார்கள். தாசில்தார் ஆபீஸ் காகிதத்தை மூத்தவள்தான் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். என் பெயர், என் தகப்பன் பெயர், வடக்கே வாய்க்கால், தெற்கே தெரு. தன் வீட்டின் நாலு எல்லையை அவள் உரக்கப் படித்தபோது பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் வரை அவள்தான் எங்கள் தெருவுக்குக் கர்ணம். ராத்திரி என் மனைவி மூத்தவளுக்கு மட்டும் ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினாள்.

வாசிப்பு இப்படி என்றால், கணக்கில்தான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. கூட்டலில் மிச்சத்தைத் தூக்கிப் பக்கத்தில் போட வேண்டும் என்று என் வாத்தியார் சொன்னது நினைவிருந்தது. எத்தனை சேர்ந்தால் தூக்க வேண்டும்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் பக்கம் நெல்லை மரக்காலால் அளப்போம். பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். பிறந்ததிலிருந்து களத்தில் நின்று கூட்டினதெல்லாம் இந்தக் கணக்குத்தான். அதனால் சிலேட்டில் நடுவே ஒரு கோடு இழுத்தேன். இடப்பக்கம் கலம், வலப்பக்கம் மரக்கால். "இந்தப் பக்கம் பன்னெண்டு சேந்தா, அதை ஒண்ணாக்கி அந்தப் பக்கம் போடு" என்றேன். மூத்தவள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு நாள் தவறாமல் கூட்டல். தப்பே வராது. நான் சரிபார்ப்பேன், எனக்கும் தப்பே வராது. சின்னவள் அளவைக்காரர்கள் மாதிரி "லாபம், ரெண்டு, மூணு" என்று கத்திரிக்காயை எண்ணுவாள். களத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்றுதான் சொல்வோம். கேட்டு நாங்கள் பூரித்துப்போவோம்.

போலீஸ் போன மறு வருஷம் ஆனியில் கூரை மாற்றிப் பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள். பழைய வாத்தியார் மாற்றலாகிப் போய், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து புதிய தலைமையாசிரியர் வந்திருந்தார். ஊரில் குறுவை நடவும் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பிள்ளைகளைச் சேர்க்க நான் புறப்பட்ட காலையில் மனைவி சொன்னாள்: "எதுக்கும் நாளைக்கு நடவுக்கு என்னோட சின்ன ஆளு ஒண்ணு வரும்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கு நல்லபடியா முடிஞ்சா வேணாம்னு சொல்லிக்கலாம்."

மூத்தவளுக்குப் பத்து வயது. என்னை ஒட்டிக்கொண்டே நடந்தாள். 

தலைமையாசிரியர் எங்களைப் பார்த்ததும் "வாங்க, உக்காருங்க" என்றார். எங்கள் தெரு ஆளைப் பார்த்து ஒரு வாத்தியார் 'வாங்க' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. விஷயத்தைச் சொன்னேன். நாலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றேன்.

"ரெண்டு வருஷம் பள்ளிக்கூடமே வரலையே? ரெண்டாவதுலதான் பேர் இருக்கு. சரி, கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

மேசைமேல் இருந்த பேப்பரை நீட்டினார். அவள் தடதடவென்று வாசித்தாள். அவர் புருவத்தை உயர்த்தினார். சொன்னதை எழுதச் சொன்னார், எழுதினாள். எனக்கு இரண்டு அடி வளர்ந்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு சிலேட்டில் இருபத்தெட்டையும் பதினேழையும் கீழ்மேலாக எழுதிக் கூட்டச் சொன்னார்.

அவள் நடுவே கோடு இழுத்தாள். விரலை மடக்கினாள். நாற்பத்து மூன்று என்று எழுதினாள்.

"தப்பு" என்றார் அவர். இன்னொன்று கொடுத்தார், முப்பத்தாறும் இருபத்தொன்பதும். அறுபத்து மூன்று என்று எழுதினாள். அவர் சிலேட்டை மேசைமேல் வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "வாசிப்பு பிரமாதங்க. ஆனா கூட்டலே வரலையே. ரெண்டாவதுலயே உக்காரட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பண்ணைக்காரனிடம் பேசுகிற குரலில் கத்திவிட்டேன். "எப்படிங்க தப்பு? ரெண்டு கலம் எட்டு மரக்கா, ஒரு கலம் ஏழு மரக்கா. கூட்டுங்க! நாலு கலம் மூணு மரக்கா வருதா இல்லையா? எந்தக் களத்துல வேணாலும் அளந்து பாத்துக்கலாம் வாங்க!"

அவர் என்னையே பார்த்தார். சிலேட்டில் அவள் இழுத்த கோட்டைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொல்றது சரிங்க. ஆனா நான் நெல்லு அளக்கச் சொல்லலையே. இது வெறும் எண்ணு. இதுல பத்து சேந்தா ஒண்ணு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் தப்புப் பண்ணவில்லை. நான் கற்றுக்கொடுத்த தப்பை ஒரு பிசகில்லாமல் செய்திருக்கிறாள். வண்டிக் கொட்டகைக்கு அனுப்பியிருந்தால் பத்து என்று கற்றிருப்பாள். என் வீறாப்புக்காக இரண்டு வருஷம் அவளை உட்கார வைத்து, இப்போது சேற்றில் இறக்கப் போகிறேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். என் உயரம் சுருங்கிப்போனது. அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள்தான் வாயைத் திறந்தாள். "சார், அப்ப இந்தப் பள்ளிக்கூடத்துல கலத்துக்குப் பத்து மரக்காதானா?"

அவர் சிலேட்டைத் துடைத்து அவளிடம் நீட்டினார். "ஆமாம்மா. இங்க பத்துதான்."

"இன்னொரு கணக்குக் குடுங்க சார்."

கொடுத்தார். நாற்பத்தேழும் முப்பத்தெட்டும். அவள் கோடு இழுக்கவில்லை. எண்பத்தைந்து என்று எழுதினாள். அவர் இன்னும் மூன்று கொடுத்தார். மூன்று எண்கள் வைத்து ஒன்று கொடுத்தார். அவர் சிலேட்டுக் குச்சியைக் கீழே வைக்கும்வரை அவள் நிறுத்தவில்லை. பிறகு பதிவேட்டை இழுத்துத் திறந்து, பழைய பக்கத்தில் இருந்த அவள் பெயரை அடித்துவிட்டு நாலாம் வகுப்புப் பக்கத்தில் எழுதினார். சின்னவளையும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். சத்தம் போட்டதற்கு மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். "இருக்கட்டுங்க. ரெண்டு வருஷம் யாரு இப்படி உக்காந்து சொல்லிக் குடுக்கறா" என்றார். அந்த வார்த்தைக்கு நான் தகுதியானவனா என்று தெரியாது. அவருக்குக் கோபம் வந்திருந்தால் எங்கள் கதை அன்றோடு முடிந்திருக்கும். அவருக்கு என்றென்றும் நன்றி.

சாயங்காலம் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. "மூணாவது பாஸ் பண்ணாதவருன்னு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனாள்.

மறுநாள் பெண்கள் இருவரும் பள்ளிக்கூடம் போனபிறகு, மத்தியானக் கஞ்சியை எடுத்துக்கொண்டு நடவு வயலுக்குப் போனேன். பெண்கள் வரிசையாகக் குனிந்து, ஆளுக்கு ஓர் அகலம் பிடித்து, நட்டபடியே பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். என் மனைவிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலம் காலியாக இருந்தது. சின்ன ஆள் வரும் என்று சொல்லி வைத்திருந்த இடம். இனி வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. வேறு ஆளும் கிடைக்கவில்லை.

"ஒம் பொண்ணு எங்கடி?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"அவ நாலாவது படிக்கறா" என்றாள் என் மனைவி. நிமிரவில்லை. தன் அகலத்தில் ஒரு கை நட்டுவிட்டு, ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து பெண்ணின் அகலத்தில் ஒரு கை நட்டாள். அன்று முழுக்க அந்த வயலில் இரண்டு ஆள் நடவை அவள் ஒருத்தியே நட்டாள்.