நாற்பது நிமிடப் படிவம்

என் நாத்தனாரைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை எழுதுவேன் என்று சொன்னால் என் கணவரே நம்பமாட்டார். அவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம். அண்ணி அலுவலகத்தில் எழுத்தர், நான் ஆய்வக உதவியாளர். பதினோரு வருடமாக எங்களுக்குள் சண்டையும் இல்லை, நகமும் சதையுமாகவும் இல்லை.

அண்ணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் கேள்விக்குறி. பேனா உறையில் ‘ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் எழுதும்’ என்று போட்டிருந்தால், அதை யார், எந்தத் தெருவில் அளந்தார்கள் என்று கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்பவர். பதில் வரும்வரை அந்தப் பேனாவை எடுக்கவே மாட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தப் படிவம் வந்து மாட்டியது. ஆண்டுதோறும் தேசிய மாணவர் தேர்வு நடக்கும். எங்கள் பள்ளியில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையின் தாய் என்ன படித்திருக்கிறார், வீட்டில் என்ன மொழி, போன பருவத்தில் எத்தனை நாள் வரவில்லை என்று தேர்வுக்கு முன்னால் எழுதிக் கொடுக்கவேண்டும். படிவத்தின் வலது மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘நிரப்ப ஆகும் சராசரி நேரம்: 40 நிமிடம்.’

அண்ணிக்கு ஆறு மணி நேரம் ஆகும். மற்ற வேலைகளுக்கு நடுவே செய்வதால் இரண்டு நாள் ஓடிவிடும். எங்கள் தலைமையாசிரியர் தங்கமான மனிதர், ஆனால் அச்சில் வந்ததெல்லாம் அவருக்கு வேதம்.

“கவர்மெண்டே நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கு. உனக்கு மட்டும் ஏம்மா ரெண்டு நாள்?” என்பார். சொல்லிவிட்டுப் போனால் பரவாயில்லை. அண்ணியின் ஆண்டறிக்கையில் ‘வேலையில் மந்தம்’ என்று இரண்டு வருடம் எழுதி மேலிடத்துக்கும் அனுப்பிவிட்டார். மூன்றாம் முறையும் எழுதினால் தலைமை எழுத்தர் பதவி கைவிட்டுப் போகும். அண்ணிக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னொரு வாய்ப்பு வராது.

நானாக இருந்தால் அந்த அறிக்கையைக் கிழித்து எறிந்திருப்பேன். அண்ணிக்கோ கோபத்தைவிட ஆவல்தான் பெரிதாக இருந்தது. துணி உலர்த்தும்போதும் அதே கேள்வி.

“அந்த நாப்பது நிமிஷத்தை யாரு அளந்திருப்பா?”

“யாராவது ஒரு அதிகாரி கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருப்பாரு. விடுங்க அண்ணி.”

“கண்ணை மூடிக்கிட்டு எழுதினா அம்பதுன்னுகூட எழுதியிருக்கலாமே. ஏன் நாப்பது?”

விடை தேட வழி காட்டியது செய்தித்தாள்தான். டெண்டர் விளம்பரங்கள் வரும் பக்கத்தை இந்த ஊரில் படிப்பவர் அண்ணி ஒருவராகத்தான் இருக்கும். அதில் புள்ளிவிவரத் துறையின் அறிவிப்பு ஒன்று: வரும் ஆண்டின் மாணவர் தேர்வுக்கும் இதே விவரங்களைத் திரட்டப்போகிறோம், இவை தேவைதானா, படிவத்தில் போட்டிருக்கும் நேரம் சரிதானா என்று பொதுமக்கள் அறுபது நாளுக்குள் எழுதலாம்.

அண்ணி இரண்டு பக்கம் எழுதினார். குறை என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு பிள்ளையின் தாய் என்ன படித்தார் என்பது சேர்க்கைப் பதிவேட்டில் இல்லை, தொலைபேசியில் கேட்டது, ஒன்பது நிமிடம். வராத நாள்களை வருகைப் பதிவேட்டில் கூட்டியது, நான்கு நிமிடம். இப்படியே போய்க் கடைசியில் ஒரு கேள்வி: ‘உங்கள் நாற்பது நிமிடத்தை யார், எங்கே உட்கார்ந்து அளந்தார்கள்?’

“கிணத்துல போட்ட கல்லுதான்” என்று நான் சிரித்தேன். ஏழாவது வாரம் பதில் வந்து என் வாயை அடைத்தது. எல்லா விவரங்களையும் மேசைமேல் தயாராக வைத்துக்கொண்டு, துறை ஊழியர்களே நிரப்பிப் பார்த்த கணக்காம் அது. நேரத்தைப் பற்றி நாடு முழுவதிலிருந்தும் வந்தது இந்த ஒரே கடிதம்தானாம். நேரில் அளக்க ஆள் அனுப்புகிறார்களாம். மற்ற பள்ளி எழுத்தர்களெல்லாம் வாய்க்குப் பூட்டா போட்டிருந்தார்கள்?

கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு ஓர் இளம்பெண் வந்தாள். நேராகத் தலைமையாசிரியர் மேசைக்குப் போனாள்.

“படிவத்தை நிரப்பறது நீங்கதானே சார்?”

“நான் இல்லம்மா, கிளார்க்தான்...”

“‘விவரம் தருபவர்: பள்ளித் தலைவர்’னு அச்சுல இருக்கே சார். கையெழுத்தும் உங்களோடது.”

அச்சில் இருக்கிறது, அப்புறம் என்ன பேச்சு? சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஏதோ வேலையாக வந்தவள்போலக் காலிக் குடுவை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

முதல் பிள்ளையின் பெயரை எழுதினார். அடுத்த கட்டத்திலேயே பேனா நின்றது. “இது எதுலம்மா இருக்கும்?” என்று அண்ணியைப் பார்த்தார். அண்ணி வாயைத் திறப்பதற்குள், “அவங்க சொன்னா அவங்க நேரத்தையும் சேர்த்துக்கணும் சார்” என்றாள் அந்தப் பெண். பதிவேடுகள் இருக்கும் எங்கள் அலமாரியை முழங்காலால் முட்டித்தான் திறக்கவேண்டும். அது சாருக்குத் தெரியாது. போனை எடுத்த தாயோ, “ஐயோ, என்ன சார் பண்ணிட்டான்?” என்று அலறினார். அவரை அமைதிப்படுத்தவே ஆறு நிமிடம் ஆயிற்று.

நாற்பது நிமிடம் முடிந்தபோது சார் இரண்டாவது பிள்ளையில் இருந்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. சார் பதிவேட்டைப் புரட்டும்போதெல்லாம், சரியான பக்கத்துக்கு வந்துவிடமாட்டாரா என்று தவித்துக்கொண்டிருந்தார்.

காலையில் தொடங்கி ஆறு மணி நேரத்தில் ஒன்பது பிள்ளைகள். மாலை மணி அடித்ததும் சார் பேனாவை மூடினார்.

“நீ எவ்வளவு நேரத்துல முடிப்பம்மா?”

“இதே ஆறு மணி நேரம் சார். நாப்பத்தெட்டு பேருக்கும்.”

மறுநாள் காலை சார், கையால் எழுதிய ஒரு தாளை அண்ணியிடம் கொடுத்து, தட்டச்சு செய்து வரச் சொன்னார். மேலிடத்துக்குப் போகிற கடிதம்: ‘எங்கள் எழுத்தரைப் பற்றி முந்தைய இரண்டு ஆண்டறிக்கைகளில் வேலையில் மந்தம் என்று எழுதியது என் பிழை. படிவத்தில் அச்சிட்டிருந்த நேரத்தை நம்பினேன். அவர் வேலை செய்வதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அவ்வரிகளை நீக்கக் கோருகிறேன்.’

நான் மூன்று முறை அந்தப் பக்கம் போய்வந்தேன். அண்ணி ஒரு சொல் அடிப்பார், கண்ணைத் துடைப்பார், மறுபடி முதலிலிருந்து படிப்பார். ஐந்து வரிதான். முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஏன் இத்தனை நேரம் என்று சார் கேட்கவில்லை.