இரண்டு வாய் வைத்த மோல்டு

சித்தூர் கன்னையா துலுக்காணத்துக்குத் தரவேண்டிய கடன் நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். தொண்ணூற்றாறாம் வருஷம் துலுக்காணம் அவனிடம் மோல்டிங் மெஷின் ஓட்டிய கூலி.

அப்போது ஊரெங்கும் டெலிபோன் வந்துகொண்டிருந்தது. பக்கெட்டும் மக்கும் செய்துகொண்டிருந்த கன்னையா, டெலிபோன் கனெக்டருக்கு ஆர்டர் பிடித்தான். அதற்கான பிளாஸ்டிக்கோ வேறு ரகம். இவன் பக்கெட் பழக்கத்தில், உருகியது சீக்கிரம் நிரம்பட்டும் என்று மோல்டுக்கு, அதாவது அச்சுக்கு, இரண்டு பக்கமும் ஊற்றுவாய் வைத்தான். வந்த பீஸ் எல்லாம் நட்டநடுவில் ஒடிந்தது.

"ஒரு வாய அடைச்சிடலாம் மொதலாளி. ரெண்டு பக்கமும் வந்து நடுவுல முட்டிக்கினு நிக்குது, ஒட்டல" என்றான் விஜயபுரத்துக் கூலிக்காரன் மகன் துலுக்காணம்.

"மெஷினாண்ட தூங்கிக்கினு இருந்துட்டு எனக்கே பாடம் சொல்றியா? போடா!"

கூலியும் போயிற்று, பெயரும் போயிற்று. தூங்குமூஞ்சி என்று கன்னையா பரப்பியதில் சித்தூரில் எந்தப் பிளாஸ்டிக் ஷெட்டும் அவனைச் சேர்க்கவில்லை. சென்னைக்குப் பஸ் ஏறினான்.

ஆறாவதோடு பள்ளியை விட்டவன்தான். ஆனால் வயிறெரிந்து கற்றவனை யாரும் முந்த முடியாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் ஷெட் ஒன்றில் வேலை பார்த்தபடியே அந்தப் பிளாஸ்டிக்கின் குணத்தைப் பிடித்துவிட்டான். உள்ளே எல்லாம் நீளநீளமான, விறைத்த சங்கிலிகள். வெவ்வேறு கண்ணிகளைக் கண்டபடி கலந்து கோத்தவை; ஒரே கண்ணியாக அடுக்கியிருந்தால் உருகாது, கலந்ததால்தான் மெஷின் சூட்டில் உருகுகிறது. உருகி ஓடும்போதோ அத்தனை சங்கிலியும் ஓடும் திசைக்கே படுத்துக்கொள்ளும். நீளவாக்கில் இழுத்தால் இரும்பு. எதிரெதிரே வந்து முட்டினால் ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. அந்த இடமே ஒடியும்.

திருப்பதி ரேணிகுண்டா ரோட்டில் சொந்த ஷெட் போட்டார் துலுக்காணம். ஆமாம், இனி 'போட்டார்'தான்.

செல்போன் காலத்தில் கன்னையா மறுபடி கனெக்டர் எடுத்தான். மறுபடி இரண்டு வாய். கம்பெனிக்காரன் ஆர்டரைப் பிடுங்கித் துலுக்காணத்திடம் கொடுத்துவிட்டான். மெஷின் கடனுக்கு பேங்க் நெருக்க, கன்னையா துலுக்காணத்தின் ஷெட்டில் வந்து நின்றான்.

"பாதி ஆர்டராவது எனக்கு ஒதுக்குப்பா."

"தாராளமா. எனக்குக் கூலிக்கு ஓட்டு. இந்தா, கம்பெனி திருப்பின உன் பீஸு. ஒடி பாப்போம்."

ஒடித்தான். நடுவில் பட்டென்று போயிற்று. ஷெட்டே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது.

"அன்னிக்கு யாரு தூங்கினது? எல்லாருக்கும் கேக்கிறாப்போல சொல்லு மொதலாளி."

"நீ தூங்கல. நான் வெச்ச வாய்தான் தப்பு."

"இன்னும் சத்தமா."

ஷெட் முழுக்கக் கேட்கச் சொன்னான்.

"இப்போ துன்ன கூலியக் கக்கு."

"வட்டியோட பேங்க்ல போட்டுடறேன்பா..."

"உன் வட்டி யாருக்கு வேணும்? நீ எண்றத நான் பாக்கணும்."

துலுக்காணம் நாற்காலியை விட்டு எழாமலே கையை நீட்டினார். கன்னையா பேங்க் தவணைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து, குனிந்து, ஒவ்வொரு நோட்டாக, நாலாயிரத்து எண்ணூறையும் அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தான்.