காட்டாங்குளத்தூர் பஸ்ஸில் பாம்பு, கழுகு, ஓநாய்

இன்று காலை ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிட்டேனோ என்று உதறுகிறது மக்களே.

தாம்பரத்தில் பஸ் ஏறினோம், நானும் அண்ணன் மகளும். அவளுக்கு இன்று கல்லூரியில் வைவா. ஒரு பழைய ஆங்கில சோக நாடகத்தில் வரும் மிருக உவமைகள்தான் பாடம். கிழட்டு ராஜா நாட்டைப் பெண்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கிற கதை.

வண்டலூர் சிங்கமே பதறும் குரலில் கேட்டேன்: "பெத்த பொண்ணுங்களை ராஜா எப்படியெல்லாம் திட்றார்?"

"பாம்பு, கழுகு, ஓநாய், சித்தப்பா."

முன்சீட்டுப் பெரியவர் திரும்பினார். பக்கத்தில் அவர் மகள், மடியில் பத்திரப் பை.

"ஏம்மா, நானும் நெலத்தைப் பொண்ணு பேருக்கு எழுதத்தான் போய்கினு கீறேன். எழுதிக் குடுத்தப்புறம்தான் மிருகமா மாறுதுங்களா, முன்னாடியேவா?"

"முன்னாடி தேனாப் பேசுவாங்க தாத்தா."

பெரியவர் மகளையே உற்றுப் பார்த்தார்.

"இன்னாப்பா அப்படிப் பாக்குற? காலைல ஆசையா இட்லி ஊட்டுனேனே!"

அவர் முகம் இன்னும் இருண்டது.

பத்திர ஆபீஸ் இருக்கும் கூடுவாஞ்சேரி வந்தது. மகள் எழுந்தாள். பெரியவர் அசையவில்லை. "அட்த்த ஸ்டாப்புல எறங்கிக்கலாம்."

பஸ் கிளம்பிவிட்டது. அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு உவமை சொல்ல எந்தக் காட்டிலும் மிருகம் கிடையாது.

வைவாவில் அண்ணன் மகள் பின்னிட்டாளாம். எனக்கு மதியம்தான் உறைத்தது. அதே நாடகத்தில் கடைசி மகள் சொக்கத்தங்கம் என்பதைச் சொல்லவே மறந்துவிட்டோம்.

பெரியவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதை உடனே அவர் காதில் போடுங்களேன்!