பின்சீட்டு டீச்சர்

கணினி அறையில் அந்த டீச்சர் முன்னால் நின்று யாரும் பார்த்ததில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், அதுதான் அவர் இடம். அங்கிருந்து இருபது திரையும் தெரியும், இருபது பின்மண்டையும் தெரியும். பிள்ளைகள் வைத்த பெயர் பின்சீட்டு டீச்சர். அவரைத் திட்டுவதற்காகத்தான் நான் முதன்முதலில் அந்தப் பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறினேன்.

என் மகள் வீட்டில் கிசுகிசுப்பாள். பள்ளியில் வாய் திறந்ததே இல்லை. வருஷ முடிவுக்குள் வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டாவிட்டால் அதே வகுப்பில்தான் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காதில் ஹெட்போன், கையில் மவுஸ், நூற்றுக்கு நூறு. பேச வேண்டிய தொல்லையே இல்லை!

அந்த ஹெட்போனைத்தான் டீச்சர் கழற்றிவிட்டார். வகுப்பிலேயே பெரிய வாயாடியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சட்டமும் போட்டார்: மவுஸ் வாயாடியிடம் இருக்கும், ஆனால் என் மகள் சொன்னால்தான் நகர்த்தலாம். மூன்று நாள் அவர்கள் திரை அசையவே இல்லை. மகள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

நான்காம் நாள் தையல் கடையைப் பூட்டிவிட்டு, நறுக்கென்று கேட்க நாலு வார்த்தை தயார் செய்துகொண்டு போனேன். என் முகத்தைப் பார்த்ததும் டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா. சண்டைய அப்புறம் போடலாம்" என்றார் மெதுவாக.

வாயாடி திரும்பிப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தார். முன்பே பேசி வைத்திருந்தார்கள் போல. அவள் திரையில் இருந்த முக்கோணத்தை வேண்டுமென்றே தப்பான இடத்துக்கு இழுத்தாள். இன்னும் தள்ளி இழுத்தாள்.

"அங்க இல்லடி! மேல... இன்னும் மேல. போதும், நிறுத்து!"

என் மகளின் குரல். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மூணு நாளா சொல்லணும்னு அவ தோள் துடிக்கிறதப் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார் டீச்சர். "கம்ப்யூட்டருக்கு விடைதான் தெரியும், தோளெல்லாம் அதுக்கு எங்க தெரியப்போகுது? சரி, இப்போ திட்டுங்க."

நான் எங்கே திட்டுவது? முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

வருஷக் கடைசியில் மகள் இரண்டு பக்கம் சத்தமாகப் படித்தாள். டீச்சரை நினைக்காமல் நான் கடை திறந்த நாள் இல்லை. இப்போது மகள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, துணி கொடுக்க வந்தவர்கள் முன்னாலேயே அதட்டுகிறாள்: "பாக்கெட் அங்க இல்லம்மா, இன்னும் மேல!"

இருபது வருஷமாகச் சட்டை தைக்கிறவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் ஒரு விரற்கடை இறக்கிப் பிடிக்கிறேன்.