காலண்டர் தெளிவாக வந்த படம்

எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஓர் அரிசி டப்பா இருக்கிறது. அதில் அரிசி இல்லை, என் கணவரின் கேமரா இருக்கிறது. காரைக்கால் கடல் காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்கவில்லை, லென்ஸ் எங்கே தாங்கும் என்று அதை டப்பாவில் வைத்தவர் அவர்தான். அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதலில் பொன்னி அரிசிக்குள்ளேயே புதைத்துவிட்டார். மறுவாரம் எடுத்தபோது லென்ஸ் வளையமெல்லாம் தவிட்டுத்தூள். நான் சிரித்த சிரிப்பில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம்தான் அரிசியைக் கொட்டிவிட்டு, செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டார். அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. டப்பா அங்கேயே இருக்கிறது.

கேமரா வாங்கத் தஞ்சாவூருக்குப் போனோம். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது. திரையில் முகத்தைத் தொட்டால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். என் கைக்கு அடக்கமாக இருந்தது. இன்னொன்று கனமானது, உடம்பெல்லாம் பொத்தான். ஆனால் இருட்டில் அதை அடிக்க ஆளில்லை என்றார் கடைக்காரர். என் வீட்டுக்காரர் அவர் வார்த்தையை நம்பவில்லை. நாலு பேர் பார்க்க மேசைக்கடியில் குனிந்து, அங்கே கிடந்த செருப்பை இரண்டிலும் படம் எடுத்தார். சின்னதில் செருப்பு கறுப்புப் புள்ளிகளாகக் கிடந்தது. பெரியதில் அறுந்த வாரைத் தைத்திருந்த நூல்கூடத் தெரிந்தது. நான் சின்னதைக் கையில் வைத்துக்கொண்டே, “என்னங்க, இது எனக்கும் வருதுங்க” என்றேன்.

“எடுக்கப்போறது நான்தானே, உனக்கு எதுக்கு?” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலையில் கோவில்பத்து வீட்டிலிருந்து பைக்கில் ஆபீஸ் போனால், திரும்பும்போது விளக்கு வைத்துவிடுவார்கள். “நான் வீட்டுக்கு வர்ற நேரத்துல வெளிச்சம் எங்க இருக்கு?” என்பார். வெயிலெல்லாம் ஆபீசுக்கு, மிச்சமிருக்கும் மங்கல்தான் அவருக்கு. அந்த மங்கலில் அரசலாற்று முகத்துவாரத்துப் படகுகளை எடுத்தார். நெரவியில் தன் தம்பி நாற்றங்காலைவிட்டுக் கரையேறுவதை எடுத்தார். அடுப்பு வெளிச்சத்தில் என்னை எடுத்தார். எல்லாமே நன்றாக இருக்கும். கொஞ்சம் ஆடிய படமாக இருந்தால் மட்டும் அங்கேயே நின்று அழித்துவிடுவார். என் முகம் நன்றாக இருக்கிறதே என்று கெஞ்சினாலும் விடமாட்டார். “கலங்கலா ஒரு படம் எதுக்கு? இடத்த அடைக்குது.”

ஒரே ஒரு தடவை நான் எடுத்தேன். ஐப்பசி மழை, சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. எமர்ஜென்சி விளக்கைப் போட்டுக்கொண்டு, சுவரோரம், காலண்டருக்குக் கீழே நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். “குடுங்க, உங்கள ஒண்ணு எடுக்கிறேன்” என்றேன். என்னென்னவோ திருகிவிட்டுக் கொடுத்தார். “அந்தக் கட்டம் என் மூஞ்சி மேல வரணும், பாத்துக்க.” திரையில் அந்தக் கட்டம் ஓரத்தில் நின்றது, நகர்த்தத் தெரியவில்லை. “அட, அமுக்கு. டீ ஆறுது.” அமுக்கினேன். வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “காலண்டர் பிரமாதமா வந்திருக்கு! இரு, அப்பறம் சொல்லித்தர்றேன்.” கேமராவை டப்பாவில் வைத்தார்.

அந்தத் தை மாதம் ஆபீசில் நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். நான் அழுததாக ஞாபகம் இல்லை. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்ட வேண்டும் என்று கொழுந்தன் வந்து நின்றார். “அண்ணி, அண்ணன் போட்டோ ஒண்ணு குடுங்க. பேனர் கடையில கேக்குறாங்க.” போனில் தேடினோம். கேமரா வந்த பிறகு போனில் எடுப்பது அவருக்குக் கேவலம், எடுக்கவும் விடமாட்டார். கல்யாண ஆல்பத்தில் இருந்தவர் வேறு யாரோ ஒரு ஒல்லிப் பையன். கொழுந்தன் கேமராவைப் புரட்டிப் பார்த்து, “ஒரு பட்டனும் புரியலையே அண்ணி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கினார்கள். பேனரில் இருந்தவர், நாளைக்கு வாங்க என்று யாரிடமோ சொல்லப்போகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் எல்லாரையும் இருட்டிலும் தெளிவாக எடுத்துவைத்தவருக்கு ஒரு படம் இல்லை. சின்னதை வாங்கியிருக்கலாம் என்று அன்று தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் அதில் என் அடுப்பு வெளிச்சம் விழுந்திருக்காது.

போன வாரம் கொழுந்தன் வந்தபோது, “வச்சிருந்தா கெட்டுப்போவும் அண்ணி, யாருக்காவது குடுத்துடலாமா?” என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பேட்டரியைச் சார்ஜ் போட்டு, படம் பார்க்கும் பொத்தானைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். படகு, வயல், நான், மறுபடி படகு. அப்புறம் எங்கள் சுவர். காலண்டரில் ராகு காலம், எமகண்டம் வரை எழுத்து எழுத்தாக வாசிக்க முடிந்தது. அதன் கீழே டீ டம்ளரோடு, தண்ணீரில் கரைந்த மாதிரி ஒரு முகம்.

அன்றே அழித்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். குப்பைக்கூடை போட்ட பொத்தான் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அந்தக் கேமராவில் எனக்குப் புரிந்த ஒரே பொத்தான் அதுதான். அவர் அதை அமுக்கவில்லை. பொட்டலங்களை மாற்றி, கேமராவை உள்ளே வைத்து, டப்பாவை இறுக்கி மூடினேன். கொழுந்தனுக்குப் போன் போட்டு, கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன்.